இரண்டாவது இயக்குதளமும் டிரைவர் சிக்கல்களும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இற்கு மாறுவதென்றால் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளிலும் ரியூசன் நிலையங்களிலும் அச்சகங்களிலும் அதற்கு முந்திய கணினிகள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைக் கழித்துவிட யாருக்கும் மனம் வராது. இருக்கும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸையும் நிறுவிப் பார்ப்போம் என்ற யோசனை இதனாலேயே வலுக்கிறது.

நிறுவுவது பெரிய வேலையல்ல. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வைஃபை வராது, திரை இருண்டுவிடும், பிரிண்டர் அசையாது, சிலவேளை நிறுவும் முன்பே ஹார்ட் டிஸ்க் கண்ணில் படாது. கடையில் கொடுத்தால் "போமட் அடிச்சுத் தாறன்" என்பார்கள். போமட் அடித்த பின்னும் அதே சிக்கல் இருக்கும். கடைசியில் "லினக்ஸ் சரிவராது" என்று முடிவாகிவிடும். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். டிரைவர், அதாவது கருவியை இயக்குதளத்தோடு இணைக்கும் நிரல், தரும் சிக்கல் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல. உள்ளே இருக்கும் சில்லு எது என்று அறிந்து, வரிசையாகச் சோதித்தால் காரணம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்தச் சோதனையை நிறுவுவதற்கு முன்பே செய்துவிடலாம்.

ஏன் இரண்டும் தேவைப்படுகின்றன

ஒன்றை விட்டுவிட்டு மற்றதற்குப் போனால் என்ன என்று கேட்கலாம். குடாநாட்டின் நடைமுறை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அச்சகங்களில் பழைய மலர்களும் கல்வெட்டுகளும் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். அதற்கு லினக்ஸ் பதிப்புக் கிடையாது. அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. பாமினியைப் பொறுத்தவரை லினக்ஸில் தடையில்லை. எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்தாலே போதும். யுனிகோடில் எழுதுவோருக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்நெட் 99 உம் லினக்ஸிலேயே கிடைக்கின்றன. சிக்கல் எழுத்தில் இல்லை, அந்த ஆவணங்களைத் திறக்கும் மென்பொருளில் இருக்கிறது.

மறுபக்கம், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் பைதன், பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகியவற்றோடு பழக வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் மென்பொருள் வேலைக்கும் போகிறவருக்கு லினக்ஸ் தெரிந்தே ஆக வேண்டும். ஒரு வீட்டில் ஒரே லப்டொப். அக்காவுக்கு விண்டோஸ், தம்பிக்கு லினக்ஸ். அங்கே இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்துதான் ஆக வேண்டும்.

குடாநாட்டுக்குக் கணினி வந்த வழி

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம்கூட இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ9 பாதை திறந்தபோதுதான் கணினிப் பொருட்கள் தாராளமாக வரத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. ஆகவே இங்குள்ள கணினிகள் ஒரே சீராக வந்து சேர்ந்தவை அல்ல.

இன்று அவை மூன்று வழிகளில் வருகின்றன. கடையில் பொருத்திய மேசைக் கணினி ஒன்று. கொழும்பு முகவர்கள் வழியாக வரும் புதிய லப்டொப் இரண்டாவது. கனடா, சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா என உறவினர் கொண்டுவந்து தரும் பாவித்த லப்டொப் மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில்தான் இரண்டாவது இயக்குதளம் அதிகம் திணறுகிறது. அலுவலகமொன்றில் இருந்து கழிந்து வந்த லப்டொப்பில் பயோஸ் கடவுச்சொல் போட்டிருக்கலாம். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். விசைப்பலகை ஜேர்மன் அல்லது பிரெஞ்சு ஒழுங்கில் இருப்பதால், நிறுவும்போது சரியான ஒழுங்கைத் தெரிவுசெய்யாவிட்டால் கடவுச்சொல்லே பிழைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பெயருள்ள பொருளுக்குள் வேறு வேறு சில்லுகள் இருக்கலாம். டி.பி.லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.என்.722என் என்ற யூ.எஸ்.பி. வைஃபை கருவி இதற்கு நல்ல சான்று. முதற் பதிப்பில் இருந்தது அதெரொஸ் சில்லு. லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். பின்வந்த பதிப்புகளில் ரியல்டெக் சில்லு. அதே பெயர், ஏறக்குறைய அதே தோற்றம், ஆனால் வேறு டிரைவர். எனவே "என்னிடம் இந்த மொடல் இருக்கிறது" என்ற தகவல் மட்டும் போதாது.

டிரைவர் எங்கே இருக்கிறது

விண்டோஸில் டிரைவரைப் பெரும்பாலும் கருவியைச் செய்த நிறுவனமே எழுதி வழங்குகிறது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் இயக்குதளத்தின் மையமான கேர்னலுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கேர்னல் புதிதாகும்போது அவையும் புதிதாகின்றன. ஆகவே "டிரைவர் சீடி எங்கே" என்ற கேள்வி லினக்ஸில் அநேகமாகப் பொருந்தாது. "என் சில்லுக்கான டிரைவர் எந்தக் கேர்னலில் சேர்ந்தது" என்பதே சரியான கேள்வி. ரியல்டெக்கின் பல வைஃபை சில்லுகளுக்கான புதிய டிரைவர் தொகுதி 2019 இல் கேர்னல் 5.2 உடன் வந்தது. வைஃபை 6 சில்லுகளுக்கான அடுத்த தொகுதி 2022 ஜனவரியில் 5.16 உடன் வந்தது. நண்பர் தந்த பழைய சீடியிலிருந்து புதிய லப்டொப்பில் லினக்ஸை ஏற்றினால் வைஃபை வராததற்கு இதுவே காரணம்.

டிரைவரோடு ஃபேர்ம்வெயர் என்ற இன்னொன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அது சில்லுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல். பெரும்பாலும் மூலநிரல் இல்லாமல் வருவது. சுதந்திர மென்பொருள் கொள்கையால் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு அதை நெடுங்காலம் நிறுவும் வட்டில் சேர்க்கவில்லை. 2022 இல் நடந்த வாக்கெடுப்பில் அந்த முடிவு மாறியது. 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் ஃபேர்ம்வெயர் உடன்வருகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் டயல்-அப் காலத்தில், விண்டோஸை மட்டுமே நம்பிச் செய்யப்பட்ட உள் மோடங்களுக்கு லினக்ஸில் பெரும்பாலும் டிரைவர் இருக்கவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் பின்னுள்ள நிறுவனம் 2005 முதல் 2011 வரை உலகெங்கும் தபாலில் இலவச சீடி அனுப்பிய காலத்தில், வைஃபைக்கு விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் போர்த்தி ஓட்டுவார்கள். இன்று டிரைவர் பெரும்பாலும் இருக்கிறது. அது பழைய கேர்னலால் பிந்துகிறது, ஃபேர்ம்வெயர் இன்றி நிற்கிறது, அல்லது பயோஸில் உள்ள ஓர் அமைப்பால் தடுக்கப்படுகிறது. நோய் மாறிவிட்டது, வைத்தியம் இன்னும் போமட்டாகவே இருக்கிறது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்.

முதலாவது, கருவியைக் கணினி காண்கிறதா? லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ., எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்ற இரு கட்டளைகள் உள்ளிருக்கும் சில்லுகளைப் பட்டியலிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அக்கருவியின் ஹார்ட்வெயர் ஐடியைப் பார்க்கலாம். செய்த நிறுவனத்துக்கு ஓர் எண், சில்லுக்கு ஓர் எண் என இரண்டு எண்கள் இருக்கும். இன்டெலின் எண் 8086. பட்டியலிலேயே இல்லையென்றால் டிரைவரைத் தேடுவது வீண். கருவி பயோஸில் நிறுத்தப்பட்டிருக்கும், கழன்றிருக்கும் அல்லது பழுதாகியிருக்கும்.

இரண்டாவது, அதற்கு டிரைவர் பொருந்தியிருக்கிறதா? அதே பட்டியலை விரிவாகக் கேட்டால், சில்லின் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி வரும். வரி இல்லையென்றால் கேர்னல் பழையது, அல்லது டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

மூன்றாவது, ஃபேர்ம்வெயர் ஏறியதா? கேர்னலின் பதிவேட்டில் ஃபேர்ம்வெயர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி கோப்பின் பெயரோடு இருக்கும். அந்தப் பெயரே மருந்துச்சீட்டு.

நான்காவது, ஏதாவது தடுக்கிறதா? வைஃபை பொத்தான், விமானப் பயன்முறை, கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆகியவை இங்கே வரும். முதல் மூன்று கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வந்த பின்னும் கருவி இயங்காவிட்டால், காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

வைஃபை: இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய டெல் லப்டொப்களிலும் மக்புக்களிலும் இருக்கும் பிரோட்கொம் சில்லுக்கு டிரைவரைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுழலை உடைக்க வழி உண்டு. கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, அதில் யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போட்டால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வீட்டு இணையம் பெரும்பாலும் கைத்தொலைபேசி டேட்டாவாக இருக்கும் நம் சூழலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. லினக்ஸ் மின்ட் என்றால் நிறுவிய பென்டிரைவை மீண்டும் செருகி, டிரைவர் மேனேஜரைத் திறந்து பிரோட்கொம் டிரைவரை இணையமில்லாமலே எடுக்கலாம்.

ஹுவாவி, இசட்டிஈ டொங்கிள்களைப் பழைய வீடுகளில் இன்னும் காணலாம். செருகியதும் அவை தம்மை ஒரு சீடியாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவர் அந்தச் சீடிக்குள் இருக்கும். லினக்ஸில் யூ.எஸ்.பி. மோட்சுவிச் என்ற சிறு மென்பொருளே அவற்றைச் சீடி நிலையிலிருந்து மோடம் நிலைக்கு மாற்றுகிறது. அது நிறுவப்படாத கணினியில் டொங்கிள் பழுதானதுபோலத் தோன்றும்.

டிஸ்க் தெரியாமை: நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கே பட்டியலில் வராவிட்டால், பெரும்பாலும் பயோஸில் டிஸ்க் இன்டெலின் ஆர்.எஸ்.டி. அல்லது ரெய்ட் முறையில் இருக்கிறது என்று பொருள். ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் உடனே மாற்றிவிட்டால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் திறக்காது. விண்டோஸை முதலில் சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, அந்த மறுதொடக்கத்தின்போது பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பின் வழமைக்குத் திருப்ப வேண்டும். இந்த வரிசை தவறியதால் இருந்த விண்டோஸும் போய்விட்டது என்று கலங்குவோர் பலர். பயோஸை முன்னிருந்தபடி திருப்பினால் விண்டோஸ் மீண்டும் திறக்கும், தரவு அழியவில்லை.

திரை: என்விடியா அட்டை உள்ள கணினியில் லினக்ஸ் தொடங்கும்போதே திரை உறைந்தால், தொடக்க வரியில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்து உள்ளே போய், பிறகு நிறுவனத்தின் டிரைவரை நிறுவலாம். செக்யூர் பூட் இயங்கினால் அந்த டிரைவருக்குக் கையொப்பம் கேட்கப்படும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் அதையே கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். அந்த நீலத் திரையைப் பிழையென்று எண்ணிக் கடந்துவிடுவதால் டிரைவர் நிறுவப்பட்டும் இயங்காமல் கிடக்கும்.

பிரிண்டர்: சிறு அலுவலகங்களிலும் கொமினிக்கேஷன்களிலும் கனொன் எல்.பி.பி. 2900 பரவலாக இருக்கிறது. அது கனொனின் சொந்த மொழியில் மட்டும் பேசும். அதற்கான லினக்ஸ் டிரைவரை நிறுவப் பொறுமை வேண்டும். எச்.பி. லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை மின்சாரம் கிடைக்கும்போதும் கணினியிலிருந்து ஃபேர்ம்வெயரைப் பெற வேண்டிய பிரிண்டர். மின்வெட்டுக்குப் பின் அது நின்றுபோவதற்கும் இதுவே காரணமாகலாம். வயரைக் கழற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். தினமும் நூற்றுக்கணக்கில் அச்சிடும் கடைக்கு, அச்சு வேலையை விண்டோஸிலேயே விடுமாறு சொல்வேன்.

பகிர்ந்த டிஸ்க்கும் நேரமும்: விண்டோஸ் 8 உடன் 2012 இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், கணினியை முழுதாக நிறுத்தாமல் அரை உறக்கத்தில் வைக்கிறது. அதனால் லினக்ஸில் விண்டோஸ் பகுதியைத் திறந்தால் வாசிக்கலாம், எழுத முடியாது. சில வைஃபை அட்டைகளும் எழும்பாது. விண்டோஸில் அதை நிறுத்திவிட்டால் இரண்டும் தீரும். கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னே போனால் அதுவும் பழுதல்ல. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தைச் சர்வதேச நேரமாகவும் விண்டோஸ் அதையே இலங்கை நேரமாகவும் வாசிப்பதன் விளைவு. உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்துமாறு லினக்ஸுக்குச் சொன்னால் போதும்.

விண்டோஸ் இரண்டாவதாக வரும்போது

டிரைவர் சிக்கல் லினக்ஸுக்கு மட்டும் உரியதென்று நினைப்பது தவறு. இன்டெல் 11 ஆம் தலைமுறை முதலான பல லப்டொப்களில் விண்டோஸ் நிறுவும்போதும் டிஸ்க் தெரிவதில்லை, டிஸ்க்கைக் காட்டும் இன்டெலின் வி.எம்.டி. டிரைவரைப் பென்டிரைவில் வைத்து அங்கேயே ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையத்தைக் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாத கணினியில் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். இங்கும் கைத்தொலைபேசி டெதரிங் கைகொடுக்கும்.

பேஜ்மேக்கருக்காகப் புதிய கணினியில் விண்டோஸ் 7 ஐக் கேட்கும் அச்சகங்களுக்கு வேறு தடை. விண்டோஸ் 7 இல் யூ.எஸ்.பி. 3.0 டிரைவர் உள்ளடங்கியிருக்கவில்லை. 2015 இற்குப் பின்வந்த மதர்போர்ட்களில் நிறுவத் தொடங்கியதும் விசைப்பலகையும் மவுஸும் செத்துப்போவது அதனால்தான். 2020 ஜனவரியுடன் ஆதரவு முடிந்த அந்தப் பதிப்பைப் புதிய கணினியில் திணிப்பதைவிட, இணையத்தில் இணைக்காத மெய்நிகர் கணினிக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு. "எல்லா டிரைவரும் உள்ளடங்கிய விண்டோஸ்" என்று கைமாறும் திருத்திய பதிப்புகளையும், டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருட்களையும் தவிர்க்க வேண்டும். டிரைவரோடு வைரசும் சேர்ந்து வருவதற்கு அவையே வாசல்.

முதலில் சோதனை, பிறகு நிறுவல்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவர் முதலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பார். உவரென்றால் விலை பேசமாட்டார். லினக்ஸிலும் அப்படிப் பார்க்க வசதி உண்டு. பென்டிரைவிலிருந்தே அதை நேரடியாக இயக்கலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. அதில் வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், டச்பாட், கமரா, மூடித் திறந்தால் எழும்புதல் ஆகியவற்றைப் பார்த்து, பிரிண்டரையும் ஒருமுறை இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்வது நிறுவிய பின்னும் பெரும்பாலும் வேலை செய்யும்.

சோதனை திருப்தியானால், தரவை வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். பிட்லொக்கர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மீட்புச் சாவியைக் கையில் எடுக்காமல் பயோஸைத் தொடக்கூடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தி, விண்டோஸ் இருக்கும் அதே யூ.இ.எஃப்.ஐ. அல்லது பழைய பயோஸ் முறையிலேயே லினக்ஸையும் நிறுவ வேண்டும். உபுண்டுவின் கோப்பு ஏறத்தாழ 6 ஜி.பி., மின்ட் அதில் ஏறத்தாழ அரைவாசி; டேட்டா குறைந்தவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம். 2022 மார்ச்சில் நாள் ஒன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இன்னொரு விதியும் வேண்டும்: மின்கலம் நிறைந்திருக்காத லப்டொப்பில் நிறுவலோ பயோஸ் புதுப்பித்தலோ வேண்டாம்.

இரண்டு இயக்குதளம் எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பொன்று, செக்யூர் பூட்டோடு ஓடிய பல லினக்ஸ் நிறுவல்களைத் திறக்கவிடாமல் செய்தது. ஒரு டிஸ்க்கில் இரண்டு இருந்தால் இத்தகைய இடர் எப்போதும் உண்டு. கட்டளைகளைப் பழக மட்டும் லினக்ஸ் வேண்டிய மாணவருக்கு, விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூ.எஸ்.எல். அல்லது மெய்நிகர் கணினி போதும். அங்கே டிரைவர் சிக்கலே எழாது. ஆனால் 4 ஜி.பி. நினைவகத்தோடு ஓடும் பழைய லப்டொப்பில் மெய்நிகர் கணினி இழுபடும். அங்கே நேரடி நிறுவல்தான் வழி.

நமக்கு வேண்டியது ஒரு பொதுப் பதிவேடு

மேலே சொன்ன தீர்வுகளில் எதுவும் இரகசியமல்ல. குடாநாட்டின் ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்தவைதான். ஆனால் அந்த அறிவு அங்கேயே நின்றுவிடுகிறது. பருத்தித்துறையில் தீர்ந்த சிக்கலுக்குச் சாவகச்சேரியில் இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், சிதறிக் கிடந்த ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்களின் உழைப்பால் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியது. அந்த அளவு உழைப்புக்கூட இங்கே தேவையில்லை. கணினியின் மொடல், சில்லுகளின் எண்கள், நிறுவிய பதிப்பும் கேர்னலும், இயங்கியவை, இயங்காதவை, தீர்த்த வழி என ஆறு தகவல்கள் கொண்ட ஒரு பக்கம் போதும். உயர்தர மாணவர்களின் செயற்திட்டமாகவோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி மாணவர்களின் பணியாகவோ, யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்பொன்றின் முயற்சியாகவோ இதைத் தொடங்கலாம். தமிழில், எல்லோரும் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அதன் பயன் உடனே தெரியும். வெளிநாட்டில் இருந்து லப்டொப் அனுப்ப நினைக்கும் உறவினருக்கு எதை வாங்கலாம், அனுப்ப முன் எந்தப் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லலாம். கடைக்காரர் போமட் அடிக்க முன் சில்லின் எண்ணைத் தேடிப் பார்ப்பார். ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒதுக்கப்படும் கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் பிள்ளைகளின் கையில் பயன்படும். டிரைவர்கள் இன்று பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டன. எந்தக் கணினிக்கு எது பொருந்தும் என்பதை எழுதி வைப்பது மட்டுமே மிச்சம். அது நம்மால் முடிந்த வேலை.